ஐவோ காத்திருந்த இரண்டாவது போன்

எங்கள் சின்ன ஊரான யோகெவாவில் ஐவோவைத் தெரியாதவர்கள் குறைவு. குனியாமல் எந்தக் கடைக்குள்ளும் நுழைய முடியாத உயரம். எங்கள் இல்வெஸ் கூடைப்பந்து கிளப் பள்ளிக்கூட ஜிம்மில் இரண்டாம் பிரிவு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவன் அதில் இருந்தான். கூடைக்கடியில் பந்தைப் பிடுங்குவது அவன் வேலை. அவனுக்குப் பந்து கொடுப்பது என் வேலை. அப்படித்தான் முதல் பிரிவுக்கு ஏறினோம். ஊருக்குப் புது அரங்கம் வந்தது. குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஊரே அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

ஒரு ஆகஸ்டில் கோச் ப்ரூல், லிதுவேனியாவிலிருந்து கின்தாஸ் என்ற இளம் ஆட்டக்காரனைக் கூட்டிவந்தார். ஐவோவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆரம்பத்துல அவன் ஆடட்டும். நீ பெஞ்சுல இருந்து வா. உன் முழங்காலுக்கும் நல்லது."

"பெஞ்சைத் தேய்க்கத்தான் இத்தனை வருஷம் ஓடினேனா, கோச்?"

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரமே கப்பலேறி ஃபின்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். கோபம் ஆறியதும் வந்துவிடுவான் என்று நினைத்தோம்.

அந்த வருஷம் நாங்கள் என்றைக்கும் இல்லாத அளவுக்கு ஜெயித்தோம். ஜனவரியில் கோச் அவனுக்குப் போன் செய்து, வந்துவிடு, மாசக் கடைசிக்குள் உன் பெயரைப் பதிந்துவிடலாம் என்றார். ஐவோ, யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். யோசிக்க ஒன்றுமில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று இருந்தான். அவன் மனைவி ஹெல்வே சொல்லிப் பார்த்தாள்.

"நீயே போன் பண்ணேன். என்ன குறைஞ்சுபோயிடும்?"

"வேணும்னா அவரே கூப்பிடுவார்."

கோச்சும் அவனைப் போலத்தான். கூப்பிடவில்லை. பதியும் நாள் கடந்துபோனது.

அரையிறுதியில் கின்தாஸ் கணுக்கால் பிசகி விழுந்தான். அவன் இல்லாமலே கிளப்பின் முதல் இறுதிச் சுற்றுக்குப் போனோம். கடைசி ஆட்டம் எங்கள் அரங்கில். ஐவோ வந்திருந்தான். உட்காராமல் கதவோரமாக நின்றே பார்த்தான். கூடைக்கடியில் எங்களுக்கு ஆளில்லை. தவறிய பந்தெல்லாம் எதிரணியின் கைக்கே போயிற்று. இரண்டு புள்ளியில் தோற்றோம். நான் கதவுப் பக்கம் பார்த்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

கோடையில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். தினமும் காட்டுப்பாதையில் ஓடினான். பீரை விட்டான். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் கோச் வீட்டுக்குப் போனான். அவர் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பெஞ்சுலயே உக்காந்துக்கறேன், கோச். அஞ்சு நிமிஷம் ஆடவிட்டாலும் போதும்."

கோச் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார்.

"டீமே இல்லப்பா. பணம் கொடுத்துட்டிருந்த மர ஆலைக்காரங்க விலகிட்டாங்க. லீக்ல நம்ம இடத்தை விட்டுக்கொடுத்தாச்சு. நாளைக்குத்தான் உங்க எல்லாருக்கும் சொல்றதா இருந்தேன்."

ஐவோ குனிந்து அந்தக் கட்டையை எடுத்து அடுக்கில் வைத்தான். மிச்ச விறகை அவரோடு சேர்ந்து அடுக்கி முடித்தான். ஜனவரி போனைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது கோச் கை கொடுத்தாராம்.

இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்து, சவுனா நீராவிக் குளியலறையில் வைத்து. அதற்குள் ப்ரூல் லாட்வியாவுக்கும், ஐவோ மறுபடி ஃபின்லாந்துக்கும் போய்விட்டிருந்தார்கள்.

அரங்கத்தில் இப்போது வாலிபால்தான். ஐவோவின் மகளும் ஆடுகிறாள். ஊரில் இருக்கும் வாரங்களில் அவளைக் கொண்டுவந்து விடுவான். உள்ளே வாடா என்று நான் கூப்பிட்டால், காரைவிட்டு இறங்காமலே, "இல்லடா, வேலை இருக்கு" என்பான்.