முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை

ஐம்பதுகளின் கடைசியில், ஹட்டனுக்கு மேலே நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தலைப்பிரசவத்துக்கு உடப்புசல்லாவையில் இருந்த அம்மா வீட்டுக்குப் போன நான், கைப்பிள்ளையோடு அப்போதுதான் திரும்பியிருந்தேன். நான் இல்லாத நேரத்தில் என் சிநேகிதியின் நான்கு வயது மகள் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள்.

சிநேகிதி என்றால் சும்மா இல்லை. ஒரே லயத்தில், அந்த நீள வரிசை வீட்டில், எங்கள் ஒற்றை அறைக் காம்பரா இரண்டும் அடுத்தடுத்து, மலையில் கொழுந்து பறிக்கவும் பக்கத்துப் பக்கத்து நிரை. வேலை வாங்கும் கங்காணி எங்களில் ஒருத்தியை ஏசினால் மற்றவள் பதில் கொடுப்பாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால் அந்த வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். வந்த அன்றே அவளைப் பார்க்கப் போனேன். என் பிள்ளையை அவள் கண்ணில் காட்டப் பயந்து வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன். கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ "வந்துட்டியா" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, ஆள் அங்கே இல்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் விஷயத்தைச் சொன்னார்கள். பிள்ளை போன பிறகு அவள் கண்ணை மூடவே இல்லையாம். தோட்டத்து மருந்துக்காரர் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். கொஞ்ச நாளில் அது போதவில்லை. அதற்கு மேல் தர அவர் மறுத்துவிட்டார். உடனே எங்கள் லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக டிஸ்பென்சரிக்குப் போய், "எனக்குத் தூக்கமே வரலீங்க ஐயா" என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்து அவளிடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவள் வீட்டு அடுப்பை மூட்டினார்கள், பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் எடுத்து வைத்தார்கள், அதோடு இதையும் செய்தார்கள். பாவம், தூங்கட்டுமே என்றுதான். யார் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. அவள் பகலிலும் விழுங்க ஆரம்பித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எத்தனை நாள்தான் மறைக்க முடியும்? ஒரே லயத்தில் இத்தனை பேருக்கா தூக்கமில்லை என்று மருந்துக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விசாரித்து, கத்து கத்தென்று கத்தி, எல்லாருக்கும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். நல்லதாய்ப் போயிற்று, சனியன் ஒழிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அந்தக் குளிரிலும் வேர்த்து ஊற்றியது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையை இறக்கப் போனவள் அப்படியே விழுந்தாள், கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். பிள்ளை போன ஏக்கத்தில் காத்துக் கறுப்பு அடித்துவிட்டது, பூசாரியைக் கூப்பிடு என்றார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, கொழுந்து ஏற்ற வந்த லொறியை மறித்து நின்றுகொண்டேன். அவளை ஏற்றினால்தான் வழி விடுவேன் என்றேன். ஏற்றினார்கள்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களவர். எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பேயுமில்லை, பிசாசுமில்லை. பழகிப்போன மருந்தைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த வலிப்பு, உயிரே போயிருக்கும் என்றார். இனி மறுபடி கொடுத்து, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம். மாத்திரை மட்டும் அவள் கையில் இருக்கக்கூடாதாம். நான் அவள் புருஷனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வச்சிருந்தா அவ கேக்குறப்பெல்லாம் குடுத்துருவேன் தங்கச்சி. நீயே வச்சுக்க."

அப்படித்தான் அது என் முந்தானை முடிச்சுக்கு வந்தது. டாக்டர் சொன்ன அளவுக்கு பிளேடால் நறுக்கி, அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். லயத்தில் வீடு வீடாகப் போய், இனி யாரும் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிய பொலிஸ்காரி வந்துவிட்டாள் என்று பேசினார்கள், பேசட்டும். அளவு குறையக் குறைய அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. உடம்பெல்லாம் எறும்பு ஊருகிறது என்று சொறிந்துகொள்வாள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஏதாவது குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொள்வாள். கொழுந்து குறைந்து அவளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், விழுந்துவிடாமல் இருக்க அவள் கூடைக்கும் நானே பறித்துப் போட்டேன். காலில் விழுந்து கெஞ்சினாள், தூ என்று துப்பினாள். அதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. ஒரு நாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் கேட்டாள்.

"ஒம் புள்ள உசுரோட இருக்கு. நீ முழிச்சா அது மொகம் இருக்கு. நான் முழிச்சா எனக்கு என்னடி இருக்கு?"

கை தானாக முடிச்சுக்குப் போனது. அன்றைய பங்கை அவள் காலையிலேயே விழுங்கியிருந்தாள். நான் அவிழ்க்கவில்லை. என் காம்பராவுக்கு வந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுது தீர்த்தேன்.

கடைசித் துண்டும் முடிந்து ஒரு வாரம் இருக்கும். தூறலில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து நிரையில் அவள் கை நின்றுவிட்டது. மகளின் பெயரைச் சொன்னாள். கூடையோடு அப்படியே செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பெயரைச் சொல்லிச் சொல்லி ஓவென்று அழுதாள். மேல் நிரையிலிருந்த பெண் பதறிக்கொண்டு இறங்கி வந்து, "அழாதடி, அழாதடி" என்று வாயைப் பொத்தப் போனாள். நான் வந்தவளின் கையைப் பிடித்துத் தடுத்தேன். சத்தம் கேட்டு வந்த கங்காணி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மகளைப் புதைத்த நாளிலிருந்து அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான் என்று சாயங்காலம் அவள் புருஷன் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் பழைய ஆளாகிவிட்டாள் என்று சொல்லமாட்டேன், ஆகவில்லை. ஆனால் இன்றும் சாவு வீட்டில் யாராவது ஒரு தாயிடம் அழாதே என்று சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவளை அழ விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன், அவள் முடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டேன்.