பஸ்ஸில் அமுக்கிய பந்து

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மகளுக்கு வலது கை முறிந்தது. கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. தினமும் ரப்பர் பந்தை அமுக்கினால்தான் பிடி திரும்பும் என்றார் டாக்டர். திரும்பாமலே போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராஜபாளையத்தில் பஸ் ஏறியதும் அவள் பந்தை எடுத்துவிடுவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி வரும்வரை நிறுத்தத்துக்கு நிறுத்தம் பத்து முறை. வலியில் அவள் உதட்டைக் கடிக்கும்போது, துணைக்குப் போகும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

"என்ன தாயி, ஜூஸ் பிழியுதியா?" என்பார் கண்டக்டர்.

"உங்களுக்கும் ஒரு கிளாஸ் உண்டுண்ணே."

கை வீங்கியிருந்த ஒரு காலையில், "ஏட்டி, இன்னைக்கு மட்டும் விடேன்," என்று கெஞ்சினேன்.

"ஒரு நாள் விட்டா கைக்கு அதுவும் பழகிரும்மா. நீ மொதல்ல எனக்கு ஊட்டுறத விடு."

உண்மைதான். ஊட்டுவதும் சடை பின்னுவதும் நான்தான். பயத்தில் அவள் கைக்கு நான் வேலையே வைக்கவில்லை. அன்றோடு நிறுத்திக்கொண்டேன். அவள் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் நெஞ்சு திக்கென்கிறது. போன வாரம் பஸ்ஸில் தாகம் எடுத்தது. அவள் மூடி வைத்த தண்ணீர் பாட்டிலை எவ்வளவு திருகியும் என்னால் திறக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே அவளிடம் நீட்டினேன்.