ஆறு லட்சம் வரை

பாத்திரக் கடைக்குள் உட்கார்ந்து ஆன்லைன் மீட்டிங்கில் கலந்துகொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு இந்த வருஷம் வாய்த்தது.

என் அக்கா வீட்டுக்காரர் ஞானராஜ் அத்தானுக்குச் சங்கரன்கோவிலில் பாத்திரக் கடை. ஒரே மகள் எஸ்தர், பல் டாக்டர். டாக்டர் என்றதும் கார், பங்களா என்று போய்விடாதீர்கள். தென்காசியில் வேறொருவர் கிளினிக்கில் மாசம் பதினைந்தாயிரத்துக்கு வேலை. அவள் திடீரென்று, பொது சுகாதாரத்தில் மேல்படிப்பு படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். ரெண்டு வருஷம். பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரி. பீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம் — பேங்க் லோன்.

அத்தானுக்குப் படிப்பின் பெயரே பிடிபடவில்லை. கொசு மருந்து அடிக்கிற டிபார்ட்மென்ட்டா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியாது. ஆனால், பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே... அதைக் கெடுப்பானேன்? அதுக்கும் மேல, என்று சொல்லிவைத்தேன்.

அந்த வாரமே கல்லூரிக்காரர்கள் பெற்றோருக்கு வீடியோ மீட்டிங் வைத்தார்கள். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று என்னைக் கடைக்கு வரச் சொன்னார் அத்தான். போனை ஒரு குக்கர் மேல் சாய்த்து வைத்தாள் எஸ்தர். திரையில் கோட் போட்ட ஓர் இளைஞர். நல்லவேளை, மதுரைக்காரர். என் இங்கிலீஷுக்கு வேலை இல்லாமல் போனது.

அவர் சமூக சேவை என்றார், சர்வதேச வாய்ப்பு என்றார். அத்தான் பொறுமையாகக் கேட்டார். நடுவில் இட்லிச் சட்டி கேட்டு வந்த அம்மாவுக்கு விலையும் சொன்னார். கடைசியில்தான் சம்பளம் வந்தது. வருஷத்துக்கு ஆறு லட்சம் வரை கிடைக்கும் என்றார் இளைஞர்.

அத்தான் போன் பக்கம் குனிந்தார்.

"தம்பி, எங்க கடை வாசல்லயும் 'ஐம்பது சதவீதம் வரை தள்ளுபடி'ன்னுதான் போர்டு வச்சிருக்கேன். அந்த ஐம்பது ஒரே ஒரு அண்டாவுக்குத்தான். அதுவும் நசுங்கினது. நீங்க அந்த 'வரை'யை எடுத்துட்டுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று நான் குக்கரைக்கூட அசைத்துப் பார்த்தேன். வேலை தேடித்தர உதவி செய்வோம் என்று கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

எஸ்தர் சும்மா வரவில்லை. அங்கே படித்து முடித்த சிலரிடம் போனில் விசாரித்து வைத்திருந்தாள். ஆரம்பச் சம்பளம் முப்பத்தைந்தாயிரம் என்றாள். லோனுக்குத் தவணை மாசம் பதினெட்டாயிரம். அதையும் அவளே சொன்னாள். அத்தான் கால்குலேட்டரைத் தட்டினார். இப்போது வாங்குவதைவிட இருபதாயிரம் கூட... அதில் பதினெட்டு பேங்குக்கு.

"ரெண்டாயிரம் ரூவாய்க்காகவா ரெண்டு வருஷம் படிக்கப் போற?"

எஸ்தர் கால்குலேட்டரைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்.

"எப்பா, ஒரே ஊர்லருந்து ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. எல்லாருக்கும் பல்லுல ஒரே மாதிரி பழுப்புக் கறை. பிள்ளைகளுக்கும் இருக்கு. நான் ஒவ்வொருத்தருக்கா தேய்ச்சு அனுப்புதேன். அவங்க ஊருக்குப் போய் அதே தண்ணியத்தான் குடிக்காங்க. அந்தத் தண்ணிய யாரு பாக்கது? எனக்கு அதைப் படிக்கணும்."

(எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். பெண் கொடுக்கல் வாங்கல் பாதிக்கும்.)

அத்தான் எழுந்து கல்லாவுக்குப் போய்விட்டார். அவர் மனசு மாறிவிட்டது என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. எப்படி என்கிறீர்களா? மனுஷன் கல்லூரிக்கு போன் போட்டுப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்.

முதல் போனில் பீஸ் பீஸ்தான் என்றார்கள். ரெண்டாவது போனில் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது போனில் எஸ்தருக்கு 'மெரிட் ஸ்காலர்ஷிப்' கிடைத்துவிட்டது — ஒன்றரை லட்சம் தள்ளுபடி. அவள் மார்க் ஷீட்டை அதுவரை யாரும் பார்க்கவில்லை. ஹாஸ்டலில் மெத்தையும் இலவசம் என்று எழுதி வாங்கிவிட்டார் அத்தான். அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ.

எஸ்தருக்கு அவமானமாகிவிட்டது.

"கேட்டா கொறைக்கான்னா, அந்தக் காலேஜை எப்படிப்பா நம்புதது? எனக்கு அது வேண்டாம்."

அத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகள் படிக்கிறேன் என்றபோதுகூட அவர் அவ்வளவு கலங்கவில்லை. ஒன்றரை லட்சம் குறைத்த பேரம்... மெத்தையோடு போயிற்று.

எஸ்தர் அதே படிப்பு இருக்கிற ஓர் அரசு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். பகலெல்லாம் பல், மற்ற நேரமெல்லாம் புத்தகம். இடம் கிடைத்தது. செலவு எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்குள். தவணையும் பாதியாகிவிடும். கணக்கில் இப்போது கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அவள் நிம்மதியாக இருக்கிறாள்.

அத்தான் அங்கேயும் ஒரு போன் போட்டுப் பார்த்தாராம். எடுக்கவே இல்லையாம். நல்ல காலேஜாத்தான் இருக்கும், என்றார் என்னிடம்.

படிப்பின் லாபத்தைக் கணக்குப் போட நமக்குச் சம்பளம், தவணை என்று ரெண்டு கட்டம்தான் தெரியும். ஒரு ஊரே சுத்தமான தண்ணீர் குடித்தால் அது யார் சம்பளத்தில் சேரும்? பேங்க்கில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் தவணை மாதிரி அதுவும் நிஜம்தானே?

போன வாரம் லோன் கிடைத்துவிட்டது. ஜாமீன் கையெழுத்து கேட்டார்கள், போட்டேன். அன்றிலிருந்து இந்த நாட்டின் பொது சுகாதாரத்தில் எனக்கு ரொம்ப அக்கறை!