நின்றே கெட்ட டயர்கள்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், நானும் கணவரும் சேர்ந்து ஒரு கேரவன் வாங்கினோம். வேனுக்குள் படுக்கை, அடுப்பு, சின்னக் கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய வண்டி. குஜராத்தின் உப்புப் பாலைவனம் வரை அதிலேயே போய் வர வேண்டும் என்பது என் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை. ஏழு வருடத்தில் பக்கத்து மலையூரான விதுரா வரை இரண்டு தடவை போனோம். கிளம்பலாம் என்றால் ஏதாவது வந்து நிற்கும்: மழை, கல்யாணம், கழக்கூட்டம் என்ற ஊரில் வேலை பார்க்கும் மகனின் பிள்ளைக்குப் பரீட்சை. யு.கே.ஜி. பரீட்சை!

சரஸ்வதி பூஜைக்கு மட்டும் வண்டிக்கு ராஜ உபசாரம். கணவர் கழுவித் துடைத்து, டயர்களுக்குக் கறுப்புப் பாலிஷ் பூசி, சந்தனம் தொட்டு வைப்பார். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்கும் அளவுக்கு வண்டியை முன்னால் உருட்டுவார். பிறகு பின்னால் எடுத்து நிறுத்திவிடுவார். அந்த வருடத்துப் பயணம் அத்தோடு முடிந்தது. ரப்பரில் விழுந்த வெடிப்புகளை வருடா வருடம் பாலிஷ் மூடியது. புது வண்டியா என்று யாராவது கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

போன சித்திரையில் அவரே வந்து, "டயர் மாத்தணும், நீயும் வா. உனக்குத்தான் அதெல்லாம் தெரியும்" என்றார். தெரியும்தான். பயணம் போகாதவளுக்குப் படிக்க நேரம் நிறைய இருந்தது. அன்று சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பைபாஸ் ஓரத்து டயர்க் கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஈரத்துணியால் ஒரு டயரைத் துடைத்து விரலால் அமுக்கினார். வெடிப்புகள் வாயைப் பிளந்தன.

"கட்ட நல்லாத்தானே இருக்கு, கேட்டியா" என்று கணவர் தரையில் படும் பகுதியைத் தட்டிக் காட்டினார்.

"கட்ட இருந்து என்ன சாரே? ரப்பர் செத்துப்போச்சுல்லா. லோடோட ஹைவேல போனா பொட்டி வெடிச்சிரும்."

புது டயர்களை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மெத்தென்று ஓடும் என்று கணவர் ஒன்றைக் காட்டினார். தண்ணீர்த் தொட்டியும் படுக்கையும் சுமக்கும் வண்டிக்கு அது தாங்காது என்று தள்ளினேன். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு செய்த வாரம், அடுத்த இரண்டு வருடம். குனிந்து ஒவ்வொன்றாகப் படித்து, கடையிலேயே கிடந்து பழசான இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். பின்பக்கம் இரட்டைச் சக்கரம். உள்ளே இருப்பது கண்ணுக்கா தெரியப்போகிறது, பழசே கிடக்கட்டும் என்றார் கணவர். ஆறையும் மாற்றியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"அக்காகிட்ட ஒண்ணும் நடக்காது சாரே" என்று கடைக்காரர் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாம் மாட்டிக் காற்றுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "முதல்ல கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டுங்க. எங்க டூர் போறிய?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "நாங்க எங்க போக? வண்டிய வித்தாச்சு. டயர் மாத்தித் தந்தா எடுத்துக்கிடுதோம்னு சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வருவாங்க."

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பும்போது வண்டி ஆட்டம் இல்லாமல் அழகாக ஓடியது. அது வேறு வயிற்றெரிச்சல். கழக்கூட்டம் தாண்டியது. பிறகு கேட்டேன்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா நீ டயர் பாக்க வந்திருப்பியா?"