பெரியப்பாவுக்குத் தீர்ப்பு சொன்ன காலை

தை மாதம், நீடாமங்கலத்தில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை சித்தி ஏதோ மூலிகைப் பொடியைக் குழைத்து என் முகத்தில் பூசிவிட்டார். "நாளைக்குத் தகதகன்னு இருப்படி." காலையில் கண்ணாடியைப் பார்த்தால் கண்களையே காணோம். முகம் பரங்கிக்காய் மாதிரி வீங்கிச் சிவந்திருந்தது. சித்தி ஓவென்று அழுதார். எனக்கு என்னவோ சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த பக்கத்து ஊரிலிருந்து போன். மாப்பிள்ளை காரின் நான்கு டயரிலும் காற்று இல்லையாம்.

"எவன் செஞ்ச வேலை இது?" அப்பா கத்தினார்.

பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "நான்தான்டா ராத்திரியே போயி காத்தப் புடுங்கி விட்டேன். என்னைக் கேட்டா சம்பந்தம் பேசுனீங்க? முகூர்த்தம் தப்பட்டும்."

தப்பவில்லை. மாப்பிள்ளை மாட்டு டாக்டர். அவர் பிழைக்க வைத்த பசுவுக்குச் சொந்தக்காரர் அறுவடை மெஷினோடு அந்த வழியாக வந்திருக்கிறார். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை அதில் ஏறிவிட்டார். தெருவே கூடி விசிலடிக்க, தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு வந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்தவர் ஒரு கணம் திகைத்தார்.

"ஊசி போடணுமா?"

"மாட்டு ஊசியா?" என்றேன். தாலி கட்டும்போதும் இருவருக்கும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

தாலி ஏறியதும் அப்பா பெரியப்பாவை வெளியே போகச் சொன்னார்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? மாப்பிள்ளை ராஜா மாதிரில்ல வந்து இறங்குனாரு! பொண்ணு மூஞ்சியக் கெடுத்தவள விட்டுட்டு என்னை விரட்டுறியே!" என்றார் பெரியப்பா. சித்தி மறுபடி அழ ஆரம்பித்தார்.

"நீதானம்மா வக்கீலு, நீயே சொல்லு" என்றார் அப்பா.

தஞ்சாவூர் கோர்ட்டில், 'வேண்டுமென்று செய்யவில்லை' என்று ஒரு நாளும், 'யாருக்கும் பாதிப்பில்லை' என்று மறுநாளும், வந்த கட்சிக்காரருக்குத் தகுந்தபடி தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடுகிறவள் நான். இப்போது பாதிக்கப்பட்டவளே நான்தான். இடுக்கிய கண்ணால் பெரியப்பாவைப் பார்த்தேன். இன்று நான் அழ வேண்டும் என்று இவர் நினைத்திருக்கிறார். முகத்து எரிச்சலைவிட அதுதான் உறுத்தியது.

"சித்தி நல்லதுதான் நினைச்சாங்க. ஆனாலும் எரியுது. அதனால என் மூஞ்சில ஐஸ் ஒத்திக்கிட்டு என் பக்கத்துலயே உட்காரணும். பெரியப்பா, ஒண்ணும் கெடாமப் போனது மெஷின் வந்ததால. நீங்க கெடணும்னுதானே நினைச்சீங்க? தண்டனை உங்களுக்குத்தான். கடைசிப் பந்தி வரைக்கும் நீங்கதான் பரிமாறணும்."

"அப்பீல் உண்டா?"

"கிடையாது."

முணுமுணுத்துக்கொண்டே ரச வாளியைத் தூக்கினார். இரண்டாம் பந்திக்குள் சமையல்காரர்களையே அதட்ட ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

"பொண்ணுக்குப் பெரியப்பா. இந்தக் கல்யாணத்தையே எடுத்து நடத்துறது நான்தாங்க!"

நான் சிரித்த சிரிப்பில் கன்னம் விண்ணென்று வலித்தது. "சிரிக்காதடி, ஐஸ் நிக்க மாட்டேங்குது" என்று அதட்டிய சித்தியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.