ஒரு சிட்டிகை சாம்பிராணி

லண்டனில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போகிறவன் நான். வந்துபோனவர்களின் முகங்கள் நினைவில் நிற்பதில்லை. கிழக்கு லண்டனின் பிளேஸ்டோவிலிருந்து வந்த அந்த மனிதரை மட்டும் மறக்க முடியவில்லை. அவருடைய வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவும் துணிவில்லை.

ஒல்லியான ஆள். யாரோ கொடுத்த கோட்டின் கைகள் அவர் விரல்நுனி வரை இறங்கிக் கிடந்தன. எந்தக் கேள்விக்கும் ஒருதரம் கண்ணை மூடித் திறந்த பிறகுதான் பதில் சொல்வார்.

ஊரில் அவருடைய ஜெபக்கூடத்தை உடைத்து, அவரையும் அடித்திருந்தார்கள். அதிகாரி கேட்டார்: “திரும்பிப் போய், விசுவாசத்தை வெளியே காட்டாமல் இருக்கலாமே?”

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“அந்தக் காலத்து ரோமாபுரியிலயும் கிறிஸ்தவச் சனத்திட்ட இப்பிடித்தான் கேட்டவை, ஐயா. ராசாவின்ர சிலைக்கு முன்னால ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டிட்டு வீட்டை போ எண்டு. போட்டிருந்தால் அந்தச் சனத்தைச் சிங்கத்துக்குப் போட்டிருக்க மாட்டினம். அவையளுக்கு ஏலாமல் போச்சு. எனக்கும் ஏலாது.”

ஒரு சொல் விடாமல் சொல்வதுதான் என் வேலை. ஆனால் விசாரணை தொடங்கி மூன்று மணிநேரம் ஆகியிருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் பசி, பிரசங்கம் வைக்கிறார் என்று எரிச்சல் வேறு. “தன்னால் முடியாது என்கிறார்” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி அதையே பதிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணை, நான் அவ்வளவு நீட்டிச் சொன்னதை இங்கிலீசில எவ்வளவு சுருக்கமாச் சொல்லிப்போட்டியள்! எல்லாம் வந்திட்டுதுதானே?”

“ஓம்” என்றேன், கண்ணை மூடித் திறக்கும் நேரம்கூட எடுக்காமல்.