அரிசி என்று நினைத்துத் தடவிய கால்

மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த எங்கள் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். அலோர் காஜாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் அது. காலையில் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் வேலி வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோய்விடக் கூடாதாம். பெண்களைச் சோதிக்க டவுனிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணையே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இடுப்பு முதல் கணுக்கால் வரை தடவுவாள். அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வலது முழங்காலுக்கு மேலே ஒரு வலி. மரத்து வேரில் தடுக்கி விழுந்ததால் வந்தது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். வேலை செய்யும்போதைவிடப் படுத்தால்தான் அதிகமாகக் குடைந்தது. சும்மா கிடக்கிற காலுக்கு என்ன கேடு என்று எரிச்சலாக வரும்.

சுளுக்குதான் என்றாள் அம்மா. இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. லயத்தில் அப்படி ஓர் அக்கா இருந்தார். விளக்கெண்ணெய் பூசி, குதிகாலால் அழுத்தி அழுத்தி நீவினார். நான் அலறினேன்.

"சுளுக்கு விடுறப்ப அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கடி."

பாவம், நல்ல மனதோடுதான் செய்தார். வாரம் தவறாமல் மிதித்தும் வீக்கம் ஏறியதே தவிர இறங்கவில்லை. கைலிக்குள் இருந்ததால் வேறு யார் கண்ணிலும் படவில்லை.

சோதிக்கிறவள் அதுவரை மேலோட்டமாகத் தடவி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வாசலில் அவள் கை முழங்காலுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. மறுபடியும் அழுத்தினாள்.

"என்னடி கட்டி வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்ல. கால்தான்."

"அரிசிய கட்டிக்கிட்டு கால்ங்கிறியா?"

போலீஸ்காரர் துப்பாக்கியோடு திரும்பினார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். சோதிக்கிறவள் என்னைப் பக்கத்துக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போய், "தூக்கு கைலிய," என்றாள். ஆத்திரத்தோடு தூக்கினேன்.

அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் அன்றுதான் அதைச் சரியாகப் பார்க்கிறேன். ஒரு சின்னத் தேங்காய் அளவு இருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, பச்சை நரம்புகள் கிளைவிட்டு ஓடின. இதைக் காலில் வைத்துக்கொண்டா மரம் மரமாக நடந்து பால் வெட்டினேன்!

"கல்லு மாதிரி இருக்குலா. சூடா வேற இருக்கு," என்றாள். அவள் குரலே மாறிவிட்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரை அவளே கூட்டிவந்தாள். அவர் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, மலாக்கா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற லோரியில் என்னையும் அம்மாவையும் ஏற்றச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் கீழ்முனை கறையான் அரித்த கட்டை போல இருந்தது. அக்கா மிதித்த கதையைத் தமிழ்த் தாதி எடுத்துச் சொன்னதும், டாக்டர் பேனாவை மேசையில் போட்டுவிட்டு அம்மாவையே பார்த்தார். இனி யாரும் தொடக் கூடாது, நீவினால் நோய் பரவினாலும் பரவும் என்றார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு என் நெஞ்சையும் படம் எடுக்கப் போனார்கள்.

"நோவு கால்ல. நெஞ்ச எதுக்குப் புடிக்கிறீங்க?" என்று தாதியிடம் எரிந்து விழுந்தேன்.

"அங்க பரவியிருந்தா கால வெட்டியும் பிரயோசனம் இல்லம்மா," என்றார்.

கால் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். யாரும் உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்லவில்லை.

நெஞ்சு சுத்தமாக இருந்தது. துண்டின் முடிவு புற்றுநோய் என்று வந்தது. "கட்டிய மட்டும் எடுத்துடுங்கய்யா," என்று அம்மா டாக்டரின் காலில் விழுந்தாள். எலும்பே கட்டியாகிவிட்டது, தனியாக எடுக்க முடியாது என்று தாதி வழியாகச் சொன்னார். காலைத் தொடையோடு வெட்டி எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் வலது பெருவிரல் அரித்தது. சொறியக் கையை நீட்டினேன். வெறும் போர்வைதான் இருந்தது.

லயத்துக்குத் திரும்பிய பிறகு, மறுபடி நெஞ்சுப் படம் எடுக்கப் புறப்பட்ட காலையில், கைலியின் வலப்பக்கத்தை மடித்து ஊசி குத்தி, கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வேலி வாசலுக்கு வந்தேன். சோதிக்கிற அவள்தான் நின்றாள். என் முகத்தையே பார்த்தாள், மடிப்பைப் பார்க்கவில்லை. பக்கத்தில் புதிதாக வந்த போலீஸ்காரர் அந்த மடிப்பைக் கைகாட்டி ஏதோ அதட்டினார்.

"உள்ள அரிசி இருக்குமாம். உத்தரவுலா," என்றாள் மெல்ல. அவளுக்குக் கை வரவில்லை.

அவள் மட்டும் அன்று சந்தேகப்படாமல் விட்டிருந்தால் நான் செத்திருப்பேன். அது தெரிந்தும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவள் கையைப் பிடித்து இழுத்து, வெட்டிய இடத்திலேயே வைத்து அழுத்தினேன்.

"நல்லா பாரு. அன்னைக்கு இருந்திச்சு. இப்ப ஒண்ணுமில்ல."

பின்னால் வரிசை காத்திருந்தது. கண்ணைத் துடைக்காமலே போலீஸ்காரரைப் பார்த்து, "ஒண்ணுமில்ல," என்றாள். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.